அடி வாங்கும் தொழில்

கிக் பாக்ஸிங் மாஸ்டர் என்றால் நாள் முழுக்க யாரையாவது உதைத்துக்கொண்டே இருப்பவர் என்று முசிறியில் பலருக்கு நினைப்பு. கைகாட்டிப் பக்கம் டீக்கடையில் ஒரு பெரியவர் இருக்கிறார். நான் இருக்கும் பெஞ்சில் உட்கார நேர்ந்தால் ஒரு முழம் தள்ளித்தான் உட்காருவார். உண்மையில் நான் கால் தூக்கி உதைப்பது அபூர்வம். வாங்குவதுதான் என் வேலை. விடிந்தும் விடியாமலும் இரண்டு கையிலும் பேடு மாட்டிக்கொண்டு நிற்பேன். வாழை மண்டிக்காரர் வந்து குத்துவார். அவர் போனதும் அங்கன்வாடியில் வேலை பார்க்கும் அக்கா உதைப்பார். அப்புறம் போலீஸ் தேர்வுக்குத் தயாராகிற பையன்கள். எல்லாருடைய அடியும் கடைசியில் என் முழங்கையில்தான் வந்து இறங்கும். மாதம் பிறந்தால் அதற்குக் காசு கொடுக்கிறார்கள்.

வயிறு குறைய வேண்டும், மூச்சு வாங்காமல் மாடிப்படி ஏற வேண்டும், சுகர் ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று வருகிறவர்கள்தான் என்னிடம் அதிகம். பதக்கத்துக்கு ஆசைப்பட்டு வருகிறவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான். இந்த முதல் வகை ஆட்களுக்கு கிக் பாக்ஸிங் உடம்பைத் தேற்றுமா, முட்டியைக் கெடுத்து வீட்டில் உட்கார வைக்குமா என்பதில் பாதிக்குமேல் எதிரே பேடு பிடித்து நிற்கிறவன் கையில் இருக்கிறது. குத்துவது எப்படி என்று யூடியூபில் ஆயிரம் பேர் சொல்லித் தருகிறார்கள். குத்தை வாங்குவது எப்படி என்று சொல்லத்தான் ஆள் குறைவு.

நானும் உடம்பைக் குறைக்க வந்தவன்தான். உரக்கடை ஒன்றில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். காலையில் நாற்காலியில் உட்கார்ந்தால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பேன். இரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர் ‘பார்டர்ல இருக்கு’ என்றார். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்தி 2023-ல் வெளிவந்த ஆய்வு ஒன்று, நாட்டில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்றும், 13 கோடிப் பேருக்குமேல் அதன் வாசலில் நிற்கிறார்கள் என்றும் கணக்குச் சொன்னது. வாசலில் நின்ற கூட்டத்தில் நானும் ஒருவன். நடக்கச் சொன்னார்கள். நடை எனக்கு ஒட்டவில்லை. திருச்சி தில்லைநகரில் ஒரு ஜிம்மில் கிக் பாக்ஸிங் வகுப்பு நடப்பதாகக் கடைக்கு வந்துபோகும் பூச்சிமருந்துக் கம்பெனிக்காரர் ஒருவர் சொன்னார். வார விடுமுறையில் குணசீலம் வழியாகச் சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பஸ் ஏறிப் போக ஆரம்பித்தேன்.

அங்கே எல்லாரும் இருபது வயசுப் பையன்கள். என் வயசுக்கும் எடைக்கும் ஜோடி சேர ஆள் இல்லை. மாஸ்டர் ஒரு ஜோடி பேடை என் கையில் திணித்து, “நீங்க புடிங்கண்ணே. வெயிட்டு இருக்கு, ஆட மாட்டீங்க” என்றார். தொப்பைக்கு எனக்குக் கிடைத்த முதல் மரியாதை அது.

பேடு பிடிக்கிறவன் சும்மா நிற்க முடியாது. குத்துகிறவன் முன்னால் வந்தால் பின்னால் நகர வேண்டும், அவன் வலப்பக்கம் சுற்றினால் கூடவே சுற்ற வேண்டும். முட்டி இரண்டும் சற்று மடங்கியே இருக்க வேண்டும். ஒவ்வொரு அடிக்கும் வயிற்றை இறுக்க வேண்டும். அவனுக்கு ஓய்வு வரும்போது அடுத்தவன் தயாராக நிற்பான், நமக்கு ஓய்வு கிடையாது. என் எடையில் பெரும்பகுதி குத்திக் குறைந்ததில்லை, வாங்கிக் குறைந்தது.

பிறகு ஊரிலேயே ஒரு மாடியை வாடகைக்குப் பிடித்து வகுப்பு ஆரம்பித்தேன். சினிமா எனக்குக் கை கொடுத்தது, காலையும் வாரியது. தமிழ்நாட்டில் கிக் பாக்ஸிங் என்றால் என் வயசுக்காரர்களுக்கு 2001-ல் வந்த ‘பத்ரி’ விஜய்தான். அதில் கை மேல் கார் ஏறுகிற காட்சியைப் பார்த்துவிட்டு, “நம்ம கிளாஸ்லயும் அப்படி உண்டா மாஸ்டர்?” என்று கேட்டவர்கள் உண்டு. அடுத்த செட்டுக்கு 2004-ன் ‘எம். குமரன் சன் ஆஃப் மகாலட்சுமி’. பெண்கள் வாசலில் வந்து எட்டிப்பார்க்க ஆரம்பித்தது 2016-ல் ‘இறுதிச்சுற்று’ வந்த பிறகு. அது குத்துச்சண்டைப் படம்தான், ஆனால் அதில் நடித்த ரித்திகா சிங் நிஜத்தில் கிக் பாக்ஸர். 2009-ல் ஆசிய உள்ளரங்கப் போட்டியில் இந்தியாவுக்காக இறங்கியவர். ‘நடிக்க வந்த பொண்ணு இல்ல, விளையாடிட்டு நடிக்கப் போன பொண்ணு’ என்று சொன்னால் அம்மாக்கள் மகளை விடுவார்கள். சில அம்மாக்கள் தாங்களும் வந்தார்கள்.

போலீஸ் தேர்வுப் பையன்கள் கேட்பது வேறு: “இது எந்த நாட்டு ஆட்டம், ஒலிம்பிக்ல இருக்கா?” சுருக்கமாகச் சொல்லிவிடுவேன். 1960-களில் ஜப்பான்காரர்கள் கராத்தேயையும் தாய்லாந்தின் முவாய் தாயையும் மோதவிட்டு, இரண்டையும் கலந்து இந்தப் பெயரை வைத்தார்கள். ஒசாமு நோகுச்சி என்ற போட்டி அமைப்பாளர்தான் பெயர் வைத்தவர். 1970-களில் அமெரிக்காவில் முழு அடிக் கராத்தே என்று இன்னொரு கிளை வளர்ந்தது. உலக அமைப்பான வாக்கோ 1976-ல் தொடங்கியது. 2021-ல் சர்வதேச ஒலிம்பிக் குழு அதை முழுமையாக அங்கீகரித்தது, ஆனால் 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் பட்டியலில் கிக் பாக்ஸிங் இல்லை. சண்டைக்குப் போகாமல் உடம்புக்காக மட்டும் குத்தி உதைப்பதை வீடு வீடாகக் கொண்டுபோனது 1990-களில் பில்லி பிளாங்க்ஸ் என்ற அமெரிக்கர் போட்ட ‘டே-போ’ வீடியோக்கள். அதில் குத்தெல்லாம் காற்றில்தான், பேடும் கிடையாது பேகும் கிடையாது. அதுதான் அதன் குறை என்பேன். காற்றில் குத்துகிறவனுக்குத் தன் மணிக்கட்டு வளைந்திருப்பது தெரியவே தெரியாது.

புதிதாக வருகிறவரிடம் முதலில் பேடைக் காட்ட மாட்டேன். கையில் துணி சுற்றச் சொல்லிக்கொடுப்பேன். நாலரை மீட்டர் நீளம், கடையில் 180 அங்குலம் என்று கேட்டால் தருவார்கள். மணிக்கட்டில் மூன்று சுற்று, விரல் மூட்டுகளின் மேல் மூன்று சுற்று, அப்புறம் விரல் இடுக்குகளில் ஒவ்வொன்றாக, மீதம் மறுபடி மணிக்கட்டுக்கு. இதற்கே பலருக்குப் பொறுமை இருக்காது. “கிளவுஸ்தான் இருக்கே மாஸ்டர்” என்பார்கள். கிளவுஸ் எதிராளியின் முகத்துக்குப் பாதுகாப்பு. நம் கை எலும்புக்கு இந்தத் துணிதான். சுண்டுவிரலுக்கு நேராக உள்ளங்கையில் ஓடும் எலும்பு மெல்லியது, அந்த மூட்டில் குத்து விழுந்தால் கழுத்தோடு ஒடியும். சுவரைக் குத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகும் வாலிபர்களுக்கு ஒடிவது பெரும்பாலும் அதுதான். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் மூட்டும் பட வேண்டும். முன்கையும் அந்த இரண்டு மூட்டும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும்.

அடுத்தது கால். எங்கள் வகுப்பை ஒருநாள் பார்க்க வந்த சிலம்ப வாத்தியார் ஒருவர், பையன்கள் பேகைப் போட்டுச் சாத்துவதை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, “கை நல்லா வருதுப்பா, காலடிதான் வரல” என்றார். அவர் குத்துவரிசையும் சொல்லிக்கொடுத்தவர். அங்கே கம்பையோ கையையோ தொடுவதற்கு முன்னால் பல நாள் காலடி மட்டும்தான். ஜப்பான் வழியாக வந்த ஆட்டத்துக்கும் அதே விதிதான். இடது கால் முன்னால், வலது குதிகால் தரையைத் தொட்டும் தொடாமலும். முன்னால் போகும்போது முன்கால் முதலில், பின்னால் வரும்போது பின்கால் முதலில். கால் ஒன்றையொன்று தாண்டக் கூடாது. மூச்சு இரைக்க வைப்பது குத்து என்று நினைப்பவர்களை இதை மட்டும் மூன்று நிமிடம் செய்யச் சொன்னால் போதும், சுவரைப் பிடித்துக்கொள்வார்கள்.

இனி பேடு. சின்னதாகக் கையுறை மாதிரி இருப்பது ஃபோகஸ் பேடு, குத்துக்கு. நீளமாக முன்கையை மூடுவது தாய் பேடு, உதைக்கு. வாங்குகிறவனுக்கு ஒரு கணக்கு உண்டு. குத்து வந்து சேரும் அந்த நொடியில் பேடைச் சற்றே முன்னால் கொடுக்க வேண்டும், நாலு விரற்கடைக்குமேல் கூடாது. கொடுக்காமல் பின்னால் இழுத்தால் குத்து காற்றில் போய், குத்துகிறவரின் முழங்கை முழுக்க நீண்டு சுளுக்கிக்கொள்ளும். ஓங்கி முன்னால் அறைந்தால் அதிர்ச்சி அவர் மணிக்கட்டிலும் தோளிலும் இறங்கும். சில இடங்களில் பேடு பிடிப்பவர்கள் பட்டாசுச் சத்தம் வர வேண்டும் என்பதற்காகவே அறைவார்கள். குத்துகிறவருக்கு ‘நமக்கு இவ்வளவு பலமா’ என்று ஒரு சந்தோஷம், வீடியோவுக்கும் எடுப்பாக இருக்கும். மறுவாரம் தோள்வலி என்று ஆள் வராது. சத்தம் குறைவாக, ‘தப்’ என்று அடங்கி விழும் குத்துதான் சரியான குத்து. அதை வாங்கும்போது என் முதுகுத்தண்டு வரைக்கும் தெரியும்.

இரண்டு பேடும் என் தோளகலத்துக்குள், அவர் தாடை உயரத்தில் இருக்கும். அகட்டிப் பிடித்தால் அவர் கை பக்கவாட்டில் அலையும், அந்தப் பழக்கத்தை மாற்றப் பிறகு படாத பாடு பட வேண்டும். நேர்க்குத்துக்கு ஒன்னு, பின்கைக் குத்துக்கு ரெண்டு, வளைத்துக் குத்துவதற்கு மூணு என்று எண் சொல்லிக் கூப்பிடுவேன். “ஒன்னு... ஒன்னு ரெண்டு... ஒன்னு ரெண்டு மூணு!” கீழ்வீட்டுக் குழந்தை எல்.கே.ஜி.க்கு முன்னாலேயே எண் கற்றது இப்படித்தான் என்று அதன் பாட்டி சொல்வார். அது பாராட்டா புகாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

பேடு பிடிப்பவனுக்கு மட்டும் கேட்கிற ஒன்று இருக்கிறது, மூச்சு. புதியவர்களில் அநேகமாக எல்லாரும் குத்தும்போது மூச்சைப் பிடித்துக்கொள்கிறார்கள். நாலு குத்துக்கு ஒரு தடவைகூட விடுவதில்லை. பிறகு வாயைப் பிளந்துகொண்டு, “எனக்கு ஸ்டாமினா இல்ல மாஸ்டர்” என்பார்கள். ஸ்டாமினா இருக்கிறது, காற்றுதான் உள்ளே போகவில்லை. ஒவ்வொரு குத்துக்கும் பல்லிடுக்கில் ‘ஸ்ஸ்’ என்று விடச் சொல்வேன். பெண்கள் முதலில் கூச்சப்படுவார்கள், சத்தம் வெளியே கேட்கும் என்று. நானும் கூடவே விடுவேன். ஒருத்தர் விட்டால் கூச்சம், எல்லாரும் விட்டால் வகுப்பு.

உதையில்தான் ஆபத்து அதிகம். சுற்றி உதைக்கும்போது தரையில் நிற்கும் காலின் பாதம் திரும்ப வேண்டும், குதிகால் பேடைப் பார்க்க வேண்டும். பாதம் திரும்பாமல் இடுப்பு மட்டும் திரும்பினால் நடுவில் மாட்டிக்கொள்வது முட்டி. நாற்பது வயசுக்கு மேல் வருகிறவர்களுக்கு முட்டி ஏற்கெனவே கொஞ்சம் முணுமுணுத்துக்கொண்டுதான் இருக்கும். தரையும் இதில் பங்கு கேட்கும். கோரைக்குப் பேர்போன ஊர் இது. ஆரம்பத்தில் ஆளுக்கொரு கோரைப்பாயைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். படுத்துக் காலை நீட்டி இழுக்க அது பிரமாதம். அதன் மேல் நின்று உதைத்தால் பாயோடு ஆளும் போய்விடும். பல்பல்லாகக் கோத்துக்கொள்ளும் ரப்பர் மேட்டுதான் வேண்டும். அதுவும் புதுசாக இருக்கும்போது பாதத்தைப் பிடித்துக்கொண்டு திரும்ப விடாது. அதனால் புதிதாகச் சேர்ந்தவருக்கு என் பேடு தொடை உயரத்துக்குமேல் ஏறாது. சினிமா பார்த்தவர்கள் தலைக்கு உதைக்க வேண்டும் என்பார்கள். பேடு அங்கே இல்லையென்றால் எதை உதைப்பார்கள்? இது ஒரு வசதி. வாயால் தடுப்பதைவிட பேடால் தடுப்பது எளிது.

உதை வாங்கும்போது இரண்டு பேடையும் ஒட்டிச் சேர்த்து, முழங்கைகளை விலாவோடு அணைத்து, அரை அடி உள்ளே போய் வாங்க வேண்டும். தள்ளி நின்றால் காலின் வேகம் முழுக்கச் சேர்ந்த இடத்தில் பேடு இருக்கும், அது முன்கையை முறுக்கிவிடும். ஒருமுறை மண்டியில் வாழைத்தார் ஏற்றுகிற தம்பி ஒருவர் சேர்ந்தார். ஒல்லி உடம்பு. வகுப்பில் ஜிம்முக்குப் போய்க் கையை வளர்த்த பையன்கள் இருந்தார்கள், அவர்களுடைய உதை பேடில் பட்டால் தெறித்துப் போகும். இவர் முதல் நாளே உதைத்தது எனக்கு மறுநாள் காலை வரை முன்கையில் இருந்தது. 20 கிலோத் தாரை லாரிக்கு ஏற்றுகிறவர் கையால் தூக்குவதில்லை. காலை ஊன்றி, இடுப்பைத் திருப்பி, தார் தானாகப் போகிற மாதிரி விடுவார். அதைத்தான் நான் மற்றவர்களுக்கு வாரக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தேன். அவரைக் கூப்பிட்டு, தார் இல்லாமல் தார் ஏற்றிக் காட்டச் சொன்னேன். அன்றைக்குப் பாதி வகுப்புக்கு இடுப்பு வந்துவிட்டது.

ஒரு மணி நேரத்தில் ஆயிரம் கலோரி எரியும் என்று விளம்பரம் போடுகிற இடங்கள் இருக்கின்றன. புதியவர் விஷயத்தில் அது வெறும் பேச்சு. சும்மா உட்கார்ந்திருக்கையில் உடம்பு செலவழிக்கும் சக்தியை ஒன்று என்று வைத்துக்கொண்டு, எந்த வேலைக்கு எத்தனை மடங்கு என்று ஆராய்ச்சியாளர்கள் ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். அதில் கராத்தே, கிக் பாக்ஸிங் வகையறாவைப் புதியவர் மெதுவாகச் செய்தால் 5.3 மடங்கு, பழகியவர் நடுத்தர வேகத்தில் செய்தால் 10.3 மடங்கு. 70 கிலோ எடையுள்ள புதியவருக்கு ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 370 கலோரி. வழியில் சால்னாவோடு இரண்டு பரோட்டா சாப்பிட்டால் கணக்கு நேர். இதைச் சேரும்போதே சொல்லிவிடுவேன். சிலர் முகம் சுருங்கும். ஆனால் 5.3 என்பது 10.3-ஐ நோக்கி நகர்வது நிஜம். அது எடை மெஷினில் தெரிவதற்கு முன்னால் என் பேடில் தெரியும். முப்பது விநாடியில் குத்து தளர்ந்தவர் ஒரு நிமிடம் தாக்குப் பிடிப்பார். ரிங்கில் இரண்டு நிமிட ரவுண்டு, ஒரு நிமிட ஓய்வு. அந்த அளவைத் தொட்டுவிட்டால் ஊர்க்காரருக்கு அது தாராளம். வாரத்துக்கு 75 நிமிடத்திலிருந்து 150 நிமிடம் வரை கடும் உழைப்பு போதும் என்றுதான் உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. தினமும் வந்தே தீருவேன் என்று அடம்பிடிப்பவர்களை நான் திருப்பி அனுப்புவது அதனால்தான். முதல் நாள் வலி அன்றைக்கு வராது, மறுநாளும் அதற்கடுத்த நாளும்தான் உச்சத்தில் இருக்கும். கழிப்பறையில் உட்கார்ந்து எழுந்திருக்கும்போது என் ஞாபகம் வரும் என்று சொல்லி அனுப்புவேன். திட்டிக்கொண்டேதான் வருகிறார்கள். வந்தால் சரி.

போலீஸ் தேர்வுப் பையன்கள் கணக்கு வேறு. ஆண்களுக்கு 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓடி முடிக்க வேண்டும், பெண்களுக்கு 400 மீட்டர் இரண்டரை நிமிடம். பரிசல்துறைப் பக்கம் விடியற்காலையில் ஓடிவிட்டு நேராக என்னிடம் வருவார்கள். கோடையில் அகண்ட காவிரி முழுக்க மணலாகக் கிடக்கும்போது மணலில் ஓடுவதில் அவர்களுக்கு ஒரு வீரம். கெண்டைக்கால் இறுகிப்போய் வரும், அன்றைக்கு உதை கிடையாது, கை மட்டும்தான். மேட்டூர் திறந்து தண்ணீர் வந்துவிட்டால் எனக்கு நிம்மதி.

சர்க்கரை உள்ளவர்களிடம்தான் எனக்கு எப்போதும் கவனம். வெறுங்காலோடு பயிற்சி செய்கிற இடம் இது. பாதத்தில் உணர்ச்சி குறைந்தவருக்கு மேட்டுப் பிசிறு கிழித்தாலும் தெரியாது. அவர்களை மெல்லிய ஷூ போட்டுக்கொள்ளச் சொல்வேன், வகுப்பு முடிந்ததும் பாதத்தைத் திருப்பிப் பார்க்கச் சொல்வேன். அதைவிடச் சிக்கல் இன்சுலினோ சில வகை மாத்திரையோ எடுப்பவர்கள். வெறும் வயிற்றோடு வந்துவிட்டால் சர்க்கரை திடீரென்று இறங்கும். அதன் அடையாளம் வேர்வை, நடுக்கம், படபடப்பு என்று எழுதியிருப்பார்கள். எங்கள் வகுப்பில் எல்லாருக்கும்தான் வேர்க்கிறது, எல்லார் கையும்தான் நடுங்குகிறது. எனக்கு அதைக் காட்டிக்கொடுப்பது பேடுதான். “ஒன்னு ரெண்டு” என்பேன். நேற்று வரை சரியாகக் குத்தியவர் மூணைக் குத்துவார், இல்லை பேடையே பார்த்துக்கொண்டு நிற்பார். அந்த நொடி பேடைக் கழற்றிவிடுவேன். மூன்று ஸ்பூன் சர்க்கரை கரைத்த தண்ணீர், கால் மணி நேர ஓய்வு, மறுபடி பார்ப்பது. தேசிய வாழை ஆராய்ச்சி மையமே தாயனூரில் இருக்கிற மாவட்டம் என்பதால் எங்கள் ஆட்களுக்கு எதற்கும் வாழைப்பழம்தான் மருந்து. பையிலிருந்து ரஸ்தாளியை எடுத்து நீட்டுவார்கள். பழம் பிறகு, அது ஏறுவதற்கு நேரமாகும். நெஞ்சு அழுத்தினாலோ, இடது கைக்கோ தாடைக்கோ வலி ஏறினாலோ ரஸ்தாளியும் இல்லை, சர்க்கரைத் தண்ணீரும் இல்லை, நேரே ஆட்டோ.

“எப்ப மாஸ்டர் ஃபைட் விடுவீங்க?” இது வாலிபர்கள் கேள்வி. போட்டியில் பாயின்ட் ஃபைட், லைட் கான்டாக்ட், ஃபுல் கான்டாக்ட், லோ கிக், கே-1 என்று வகைகள் உண்டு. ஃபுல் கான்டாக்டில் இடுப்புக்கு மேலேதான் உதைக்கலாம், லோ கிக்கில் தொடைக்கும் விழும், கே-1-ல் முட்டியும் சேரும். உடம்பைத் தேற்ற வந்தவருக்கு இதில் ஒன்றும் தேவையில்லை என்பது என் கட்சி. தலையில் வாங்கும் அடிக்கு உடற்பயிற்சி என்று பெயர் வைக்க எனக்கு மனம் ஒப்பாது. தலைக்கவசம் வெட்டுக்காயத்தைத் தடுக்கும், மண்டைக்குள் மூளை ஆடுவதைத் தடுக்காது. போட்டிக்குப் போக வேண்டும் என்று நிஜமாகவே முடிவெடுத்தவர்களை, பல்கவசம் முதல் டாக்டர் சான்று வரை பார்த்துப் பார்த்துச் செய்யும் திருச்சிப் பயிற்சியாளர்களிடம் அனுப்பிவிடுகிறேன். இதனால் எனக்கு மாணவர் குறைகிறார்கள் என்று வீட்டில் சொல்வார்கள். உண்மைதான்.

வீட்டில் பேக் மாட்டிக்கொள்ளலாமா என்றும் கேட்பார்கள். மாட்டலாம், ஃபேன் கொக்கியில் மட்டும் வேண்டாம். அது ஃபேனைத் தாங்கும். ஆடுகிற 30 கிலோ பேக் அதை இழுக்கிற இழுப்பு வேறு. உள்ளே மணல் போடவும் கூடாது. நாளாவட்டத்தில் மணல் அடியில் இறங்கி, உதைக்கிற இடம் கல்லாகிவிடும். காவிரிக்கரையில் இருந்துகொண்டு மணல் போடாதே என்றால் யார் கேட்கிறார்கள்! நான் கரூர்த் தறித் துணிகளின் கழிவை மூட்டையாக வாங்கி, துண்டு துண்டாக வெட்டி, கையால் அழுத்தி அழுத்தி நிரப்புகிறேன். வருஷத்துக்கு ஒருமுறை பிரித்து மறுபடி நிரப்ப வேண்டும். அப்போது பையன்கள் ஒருத்தரும் கண்ணில் பட மாட்டார்கள்.

பேடு பிடித்துப் பிடித்து என் முழங்கையின் வெளிப்பக்கம் இப்போது மழைக்காலத்தில் வலிக்கிறது. தொழில் நிற்கக் கூடாதே என்று மாணவர்களுக்கே பேடு பிடிக்கச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன். நான் நினைத்ததைவிட அது வேறு விதமாகப் போனது. வாங்கப் பழகியவர்களின் குத்து சீக்கிரம் திருந்துகிறது. எதிராளியின் தோள் எப்போது அசைகிறது, பாதம் எப்போது திரும்ப மறுக்கிறது என்று பார்த்துப் பார்த்துத் தன் பாதத்தையும் திருத்திக்கொள்கிறார்கள். தறிப்பட்டறை வைத்திருக்கும் ஒருவரும் அவர் மனைவியும் ஜோடியாக வருகிறார்கள். முதலில் அவர் குத்த, மனைவி பேடு பிடிக்க, ஹாலில் எல்லாரும் வேடிக்கை பார்த்தோம். “மெதுவா குத்துங்க, என்ன கோவம்?” என்றார் அவர் மனைவி. மாற்றிக்கொண்டார்கள். இரண்டாவது ரவுண்டிலேயே அவர், “மாஸ்டர், நீங்க வந்து புடிங்க” என்று கூப்பிட்டுவிட்டார்.

அங்கன்வாடி அக்காதான் இதில் கெட்டி. பிள்ளைகளோடு நாளெல்லாம் குனிந்து நிமிர்ந்து பழகிய முட்டி, எந்த உயரத்துக்கும் இறங்கும். எதிரே நிற்பவர் களைத்துவிட்டாரா, நடிக்கிறாரா என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். சாயங்காலப் பெண்கள் வகுப்பை இப்போது அவர்தான் நடத்துகிறார், கட்டணத்தில் பாதி அவருக்கு. என் பேடு அவர் கைக்குப் பெரிது, உள்ளே கை வழுக்குகிறது என்றார். மீரட்டிலிருந்து சின்ன சைஸ் ஒரு ஜோடி வரவழைத்தேன். தோல் புதுசு, கைப்பிடி இறுக்கிக் கட்டைவிரல் காய்த்துப் போகிறது என்று நேற்றும் சொன்னார். தேங்காய் எண்ணெய் தடவி வைக்கச் சொல்லியிருக்கிறேன். ஆடி வரைக்கும் அடி வாங்கினால் இளகிவிடும்.